கோடைக்கு நாயை மொட்டை அடிக்கலாமா?

கோல்டன் ரெட்ரீவருக்கு வெயில் தாங்கவில்லை, முடியை முழுக்க எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்காதீர்கள். கேள்வியைப் பார்த்ததுமே எனக்கு வயிறு எரிந்தது, எங்கள் புரூனோவுக்கு இதுதான் நடந்தது.

நாங்கள் இருப்பது வேலூர். கத்திரி வெயில் என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் வெளியூர் போயிருந்த நேரத்தில், நாய் இரைப்பதைப் பார்க்க முடியாமல் அம்மா பாவப்பட்டுத் தம்பியோடு ஒரு கடைக்கு அனுப்பியிருக்கிறார். கடைக்காரர் "சம்மர் கட் பண்ணிடலாம், ஜில்லுன்னு இருக்கும்" என்று தோல் தெரிகிற அளவுக்கு மழித்துவிட்டு அதற்குக் காசும் வாங்கிக்கொண்டார். வந்து பார்த்தால் முதுகெல்லாம் சிவந்து, சொறிந்து சொறிந்து புண். இரைப்பாவது குறைந்ததா என்றால் அதுவும் இல்லை.

நாய்க்குப் பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை இறக்குகிறது. மேல்முடி வெயிலைத் தோலில் படவிடாமல் தடுக்கிறது. அடியில் பஞ்சு மாதிரி இருக்கிற முடியில் உதிர்ந்தது வெளியே வராமல் அடைத்துக்கொண்டால்தான் காற்றுப் போகாது, அதைச் சீப்பு போட்டு வாரி எடுத்தாலே போதும். மழித்தால் அடிமுடி முந்திக்கொண்டு வளரும், மேல்முடி மெதுவாக வரும், சில நாய்களுக்குப் பழையபடி வராமலே போகும். புரூனோவுக்கு அடுத்த கோடை வரை இடுப்பில் திட்டுத் திட்டாகத்தான் இருந்தது.

"இந்த ஊருக்கு இந்த நாய் எதுக்கு, ராஜபாளையம் கோம்பைன்னு நாட்டு நாய் எல்லாம் இல்லையா" என்று கீழே எழுதக் காத்திருப்பவர்களுக்கு: நான் காசு கொடுத்து வாங்கவில்லை, வெளிநாடு போன ஒரு குடும்பம் விட்டுவிட்டுப் போனது. தவிர, மே மாத மதியத்தில் ராஜபாளையமும் நிழலைத் தேடித்தான் ஓடும்.

நீங்கள் சென்னையில் ஃபிளாட்டில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஏர்கூலரை நம்பாதீர்கள். வேலூரின் வறண்ட காற்றில் அது நன்றாக வேலை செய்யும், கடலோரப் புழுக்கத்தில் இன்னும் ஈரத்தைத்தான் கூட்டும், நாய் இரைத்தும் பிரயோஜனம் இருக்காது. அங்கே ஏசி, இல்லாவிட்டால் ஃபேனும் வெறும் தரையும்தான். மேலே ஈரத்துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும். வயிறு, தொடையிடுக்கு, பாதம் இங்கெல்லாம் நனைத்துவிட்டு ஃபேனடியில் படுக்க விடுங்கள். மாடி டேங்க் தண்ணீர் மதியம் கொதிக்கும், அதனால் காலையிலேயே ஒரு வாளி பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மோர் கொடுக்கலாம், ஆனால் நமக்குக் கரைத்த நீர்மோரை அப்படியே ஊற்றாதீர்கள், அதில் வெங்காயம் போட்டிருந்தால் அது நாய்க்கு விஷம்.

நடைக்கு விடியற்காலைதான். ஆனால் எங்கள் குடியிருப்புச் சங்கம் ஏழு மணிக்கு முன்னால் நாயைக் கீழே இறக்கக் கூடாது, லிஃப்டிலும் ஏற்றக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. லிஃப்டைத் தடுக்கக் கூடாது என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்தாகிவிட்டது, அதன் நகலைக் காட்டினால் செயலாளர் "நீங்க மட்டும்தான் சார் கம்ப்ளைன்ட் பண்றீங்க" என்கிறார். அதே சங்கத்தில் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நள்ளிரவு வரை செண்டை மேளம் அடித்தார்கள், அதற்கு நோட்டீஸ் கிடையாது. சரி, விடுங்கள்.

ஒன்றை மட்டும் அசட்டையாக விடாதீர்கள். எச்சில் கெட்டியாக வழிந்து, ஈறு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் அது வெயில் தாக்கு. சாதாரணமாக 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும் உடம்புச் சூடு 104-ஐத் தாண்டினால் ஆபத்து. ஆட்டோ வரும் வரை காத்திருக்காமல் வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், ஃபேனைப் போடுங்கள், பிறகு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கத்தரியே போடக் கூடாதா என்றால், பாத விரல்களுக்கு நடுவிலும் வாலுக்கு அடியிலும் சிக்கு விழுகிற முடியை வெட்டலாம். முதுகில் யாரையும் மெஷின் வைக்க விடாதீர்கள்.