ஐ7 என்றால் எத்தனாவது ஜென்?

கேள்வி: மகன் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறான். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ‘ஐ7, 16 ஜிபி, 512 எஸ்.எஸ்.டி, விண்டோஸ் 11’ என்று சொல்லி, புதுசு என்றே 17,000 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். காலேஜில் சொன்ன சாஃப்ட்வேர் திறக்கவே திணறுகிறது. டாஸ்க் மேனேஜரில் ஐ7-2600 என்று வருகிறது. பில்லில் வெறும் ‘டெஸ்க்டாப் ஐ7’. ஏமாந்துவிட்டேனா? – அல்சூர் வாசகி

பதில்: ஏமாற்றியிருக்கிறார்கள் அம்மா, உங்கள் மேல் தப்பில்லை. ஐ7-2600 என்பது 2011 ஜனவரியில் வந்த இன்டெல் சிப். இந்த விலைக்கு வரும் ‘புது ஐ7’ பெரும்பாலும் இப்படித்தான்: கேபினெட் புதுசு, எஸ்.எஸ்.டி புதுசு, நடுவில் ஏதோ ஆபீஸ் மெஷினிலிருந்து கழற்றிய சிப்.

இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. வருஷத்தைச் சொல்லாமல் ‘புல்லட் இருக்கு, எடுத்துக்கோ’ என்று யாராவது வண்டி விற்றால் வாங்குவோமா? கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. டெஸ்க்டாப் சிப்பில் நான்கு இலக்கமென்றால் முதல் இலக்கம்தான் ஜென், அதாவது தலைமுறை: 2600 இரண்டாவது, 4790 நான்காவது, 7700 ஏழாவது. 12100 போல ஐந்து இலக்கமென்றால் முதல் இரண்டு. ஐ7-870 மாதிரி மூன்றே இலக்கம் என்றால் முதல் ஜென், தொடவே வேண்டாம். 2022-ல் வந்த ஐ3-12100-ம் உங்கள் ஐ7 போலவே 4 கோர், 8 த்ரெட்தான். ஆனால் கோருக்குக் கோர் சுமார் இரண்டு மடங்கு வேகம். ‘ஐ3 தானே’ என்று அதை ஒதுக்க வைத்து, பழைய ஐ7-ஐத் தலையில் கட்டுகிறார்கள். 2600-ல், கனமான கணக்குகளை மொத்தமாகப் போட உதவும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகளும் கிடையாது. அவை 2013-ல் நான்காவது ஜென்னோடு வந்தவை. அதைக் கேட்கும் சாஃப்ட்வேர், ரேமை எவ்வளவு கூட்டினாலும் ஓடாது.

டாஸ்க் மேனேஜர் திரை, பில், கடைக்காரர் அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள். பணத்தைத் திருப்பித் தரச்சொல்லி எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் என்றாலும் சரி. பழைய பொருளைப் புதுசு என்று விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். மசியவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, புகார் கொடுக்க 2 வருஷம் அவகாசம். விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 2600 என்றால் 3.4 ஜிகாஹெர்ட்ஸ். 12100 என்றால் 3.3. பழையதுதானே வேகம்? – கே.ஆர்.புரம் வாசகர்

பதில்: இல்லை. ஜிகாஹெர்ட்ஸ் என்பது கை வீசும் வேகம். ஒரு வீச்சில் எவ்வளவு அள்ளுகிறது என்பது கரண்டியின் அளவு. 2600 ஒரு துடிப்பில் 4 கட்டளைகள் வரை பிரித்தெடுக்கும், 12100 6 வரை. கையருகே வைத்துக்கொள்ளும் எல்2 கேஷ், கோருக்கு 256 கேபி-யாக இருந்தது 1.25 எம்பி ஆகிவிட்டது. வேலை கூடும்போது சிப் தானே ஏற்றிக்கொள்ளும் டர்போ வேகத்திலும் 3.8-க்கு எதிராக 4.3. ஒரே ஜென்னுக்குள் மட்டும் ஜிகாஹெர்ட்ஸை ஒப்பிடுங்கள்.

கேள்வி: ஐ5-12400எஃப் வாங்கினேன். எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் செருகினால் படமே வரவில்லை. போர்டை மூன்று முறை மாற்றிவிட்டேன். – ஒயிட்ஃபீல்ட் வாசகர்

பதில்: ‘எஃப்’ என்று முடிந்தால் சிப்பில் கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு வேண்டும். பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். மூன்று போர்டுகளைத் திருப்பி அனுப்பும் முன் ஒருமுறை படித்திருக்க வேண்டும்.

கேள்வி: ஐ7-7700-ல் விண்டோஸ் 11 போடலாமா?

பதில்: மைக்ரோசாஃப்ட் பட்டியலில் அது இல்லை. வழக்கமான டெஸ்க்டாப் இன்டெல்லில் 8-வது ஜென் முதல்தான்.

கேள்வி: கடையில் டேலி மட்டும் ஓட்டுகிறோம். ஐ5-2400, 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். ஆன் ஆகவே ஐந்து நிமிஷம். சிப்பை மாற்றலாமா? – சிவாஜி நகர் வாசகர்

பதில்: சிப்பைத் தொடாதீர்கள், இழுப்பது டிஸ்க். ஒரு சாடா எஸ்.எஸ்.டி-யும் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ரேமும் போடுங்கள். ரேம் இரண்டு ஸ்லாட்டிலும் இருந்தால் இரட்டைப் பாதையில் ஓடும். அப்படியே ஹீட்சிங்க்கைக் கழற்றித் தூசியைத் தட்டி, சிப்பின் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதுசு வையுங்கள். சூடானால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டி கேபினெட்டோடு வந்ததா? அதையும் மாற்றிவிடுங்கள். அப்படி வந்த ஒன்றை நம்பி நான் ஒரு நல்ல போர்டை இழந்திருக்கிறேன்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஐ9-13900கே பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: 13, 14-வது ஜென்னில் மின்னழுத்தக் கோளாறால் சிப் கெடும் பிரச்சினையை 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. சிப்பை உள்ளிருந்து இயக்கும் மைக்ரோகோடுக்குத் திருத்தம் வந்தது. ஆனால் ஏற்கெனவே கெட்டதை அது சரிசெய்யாது. பெட்டியில் வந்த சிப்புகளுக்கு வாரண்டியை 5 வருஷமாக்கினார்கள். அசல் பில் இருக்கிறதா, பயாஸில் 0எக்ஸ்12பி அல்லது அதற்குப் பிந்தைய மைக்ரோகோட் இருக்கிறதா என்று பாருங்கள். விற்கிறவர் முன்னாலேயே பெரிய கேம் ஒன்றை இன்ஸ்டால் செய்து திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்கும்போதே வீடியோ மெமரி போதவில்லை என்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.