லுமாலாவை விற்று கார்பன் சைக்கிள் வாங்கினால் போட்டியில் வெல்லலாமா?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வயது 19, ஊர் திருகோணமலை, ஓடுவது பழைய லுமாலா சைக்கிள். உள்ளூர் சைக்கிளோட்டப் போட்டியில் இடம் பிடிக்க ஆசை. காசு சேர்த்து எடை குறைந்த கார்பன் சைக்கிள் வாங்கினால் எவ்வளவு வேகம் கூடும்?

தம்பி, இப்போதைக்கு வாங்காதீர்கள். நானும் உங்கள் வயதில் இதே கணக்குப் போட்டவன்தான். அப்போது எங்கள் பக்கம் கார்பன் என்றால் தட்டச்சுக்கு நடுவில் வைக்கும் நீலத்தாள். அதனால் எடை குறைக்க மட்காட்டைக் கழற்றினேன், கரியரைக் கழற்றினேன், செயின் கவரையும் ஸ்ராண்டையும் கழற்றிக் கோழிக்கூட்டுக்கு மேல் போட்டேன். "பெல்லையாவது விட்டு வைச்சிருக்கிறியா?" என்று அம்மா கேட்டார். அதையும் கழற்றித்தான் இருந்தேன்.

ஒரு விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழா, ஆடி மாதம். உப்புவெளியிலிருந்து நிலாவெளி போய்த் திரும்பும் ஓட்டம், கிட்டத்தட்ட 20 கிலோமீற்றர். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நம்ம ஊரில் அந்த நாட்களில் கச்சான் அடிக்கும், தென்மேற்கிலிருந்து, அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி. நிலாவெளி றோட்டு வடக்கே போகிறது. போகும்போது காற்று இடது பின்பக்கத்தால் தள்ளிவிட, நான் பறந்தேன். பின்னால் வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தபோது எல்லாரும் கடலை விற்கப் போகிறவர்கள் மாதிரித் தெரிந்தார்கள். என் கால்தான் ஓடுகிறது என்று நினைத்தேன்.

திரும்பும்போதுதான் விஷயம் விளங்கியது. இப்போது அதே கச்சான் வலது முன்பக்கமாக முகத்தில் அறைகிறது. சாம்பல்தீவுப் பாலத்துப் பக்கம் மறைப்பு ஒன்றுமில்லை, வெட்டவெளி. என் முதுகுக்குப் பின்னால் ஒரு மட்காட் கடகடவென்று ஆடும் சத்தம். எங்கள் தெருப் பொடியன்தான். அவன் எதையும் கழற்றவில்லை, கரியர்கூட இருந்தது. நான் நடு றோட்டில் உழக்குகிறேன், அவன் எனக்கு இடப்புறம் ஒரு முழம் பின்னால். கடைசி ஆறு கிலோமீற்றரும் அந்தச் சத்தம் விலகவேயில்லை. முடிவுக் கோடு தெரியும் தூரத்தில் சத்தம் என் பக்கத்தில் வந்தது, பிறகு முன்னால் போய்விட்டது. கோட்டைத் தாண்டி சோடா குடித்துக்கொண்டே சொன்னான்: "நல்லாக் காத்து மறைச்சனீ மச்சான்."

அன்று அவன் செய்தது தற்செயலா, தெரிந்து செய்தானா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் பெல்ஜியம், நெதர்லாந்துப் பக்கம் நடக்கும் பெரிய போட்டிகளில் பக்கக்காற்று அடிக்கும்போது ஓட்டக்காரர்கள் செய்வது அச்சொட்டாக இதைத்தான். காற்று நேரே முன்னாலிருந்து வந்தால் மறைப்பு நேர் பின்னால் கிடைக்கும். வலது முன்பக்கத்திலிருந்து வந்தால் மறைப்பு இடது பின்பக்கம் சரியும். அதனால் அவர்கள் வரிசையாக ஓடாமல், விசிறி விரித்த மாதிரி றோட்டுக்குக் குறுக்கே சரிவாக ஓடுவார்கள். றோட்டின் அகலம் முடிகிற இடத்தில் மறைப்பும் முடிந்துவிடும். அங்கே மாட்டியவனுக்குக் கிறவல்தான் மிச்சம். நான் அன்று இடது ஓரத்தை ஒட்டி ஓடியிருந்தால் அவனுக்கு நிற்க இடமே இருந்திருக்காது. நடு றோட்டு எனக்குத்தான் என்று ஓடியதால் அவனுக்குப் பாய் விரித்துக் கொடுத்தேன். ஒரு சதம் செலவில்லாத பாடம். மட்காட்டைக் கழற்றியதில் இந்தப் பாடம் கிடைக்கவில்லை.

சரி, எடை விஷயத்துக்கு வருவோம். சமதரையில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் உங்கள் உழைப்பில் முக்கால் பங்குக்கும் மேல் காற்றைக் கிழிக்கவே போகும். அந்தக் காற்றிலும் பெரும்பங்கு சைக்கிளில் படுவதில்லை, உங்கள் நெஞ்சில் படுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு, அதை வெல்லத் தேவையான வலு எட்டு மடங்கு. ஆனால் சைக்கிளில் ஒரு கிலோ குறைத்தால் அதே சமதரையில் உங்களுக்கு மிச்சமாவது அரை வாட் அளவு வலுதான், கணக்கிலேயே வராது. நுவரெலியாவுக்கு ஏறுகிறவனுக்கு ஒரு கிலோ பெரிய விஷயம்தான். நமக்கு ஏற்றம் என்றால் ஓர்ஸ் ஹில், கோணேசர் கோயிலடி, முடிந்தது.

ஒரு மணித்தியாலச் சாதனை என்று ஒன்று இருக்கிறது. சைக்கிள் ஓடுதளத்தில் தனியாக ஒரு மணிநேரம் எவ்வளவு தூரம் ஓடுகிறாய் என்பதுதான் போட்டி. 1972இல் பெல்ஜியக்காரர் எடி மெர்க்ஸ் 49.431 கிலோமீற்றர் ஓடினார். அதற்கு அவர் போன இடம் மெக்சிகோ நகரம். 2,200 மீற்றருக்கும் மேலான உயரம், காற்று ஐதாக இருக்கும் என்பதற்காகவே அங்கே போனார். அவருடைய சைக்கிள் 6 கிலோவுக்கும் குறைவு. பிறகு 2000ஆம் ஆண்டு சர்வதேச சைக்கிளோட்டச் சம்மேளனமான யூ.சி.ஐ., சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று விதி போட்டது. 2022 ஒக்டோபரில் இத்தாலிக்காரர் ஃபிலிப்போ கன்னா சுவிட்சர்லாந்தில் 56.792 கிலோமீற்றர் ஓடினார். மெர்க்ஸினதைவிடப் பாரமான சைக்கிளில் ஏழு கிலோமீற்றர் கூட. பயிற்சி, ஓடுதளம், உடுப்பு எல்லாம் மாறிவிட்டதுதான், ஆனால் பெரிய வித்தியாசம் அவர் ஒரு ஊசி மாதிரி மடங்கி இருந்ததில் இருக்கிறது.

இன்னொன்று, இது எல்லாரும் சொல்லும் கதை, இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை. 1989 டூர் டி பிரான்ஸ். கடைசி நாள் வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீற்றர் தனி ஓட்டம். அமெரிக்கர் கிரெக் லெமோண்ட் 50 செக்கன் பின்தங்கி நிற்கிறார். முழங்கையை ஊன்றி, கையை முன்னால் நீட்டிப் பிடிக்கும் ஹாண்டில் பூட்டி, காற்று வழுக்கும் தொப்பி போட்டு ஓடினார். முன்னால் நின்ற லோரோன் ஃபினியோன் வெறுந்தலை, பின்னால் குதிரைவால் முடி பறக்கிறது. 3,200 கிலோமீற்றருக்கு மேல் ஓடி முடித்த மூன்று கிழமைப் போட்டியை லெமோண்ட் 8 செக்கனால் வென்றார்.

அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தெருவில் மீன் கொண்டுவரும் மாமா கச்சான் காலத்தில் இப்படித்தான் வருவார். கரியரில் மீன்பெட்டி, இரண்டு முழங்கையும் ஹாண்டில் நடுவில், தாடை கிட்டத்தட்ட பெல்லில் முட்டும். ஹோர்ன் அடிக்க மட்டும் ஒரு கை எழும்பும். (நீங்கள் தெருவில் இதைச் செய்யவேண்டாம், கை பிறேக்கில் இருக்காது. பெரிய போட்டிகளிலும் கூட்டமாக ஓடும்போது அந்த ஹாண்டிலுக்கு அனுமதியில்லை, தனி ஓட்டத்துக்கு மட்டும்தான்.) முழங்கையை மடித்து நெஞ்சை இறக்கினாலே போதும். முதல் நாள் நாரி பிடிக்கும். இரண்டு மாதத்தில் பழகிவிடும்.

இனி உங்கள் லுமாலா. முதலில் சீற்றை உயர்த்துங்கள். நம்ம ஊரில் பத்துக்கு எட்டுப் பேர் நிற்கும்போது பாதம் முழுக்க நிலத்தில் படவேண்டும் என்று சீற்றைப் பதித்து வைத்திருப்பார்கள். சுவரில் சாய்ந்து இருந்து, குதிக்காலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்குங்கள். முழங்கால் நேராக வரவேண்டும். ஓடும்போது முன்பாதத்தால் உழக்குவீர்கள், அப்போது முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்கும். அதுதான் அளவு.

அடுத்தது செயின் ஓடும் சக்கரங்களின் பல்லு. என்னுடைய பழைய லுமாலாவில் முன்னால் 44, பின்னால் 18. சில்லின் சுற்றளவு 2.2 மீற்றர் என்று வைத்தால் ஒரு உழக்குக்கு 5.4 மீற்றர் போகும். நிமிடத்துக்கு 60 தரம் உழக்கினால் மணிக்கு 19 கிலோமீற்றர். அதே பல்லில் 90 தரம் உழக்கினால் 29. பார்த்தீர்களா, சைக்கிளில் வேகம் இருக்கிறது, கால்தான் சுற்றவில்லை. பின்னால் 16 போட்டால் கூட வேகம் வருமென்று ஆசை வரும். போட்டுப் பார்த்திருக்கிறேன், கச்சானுக்கு எதிரே முழங்கால் அழும். டூர் டி பிரான்ஸ் 1903இல் தொடங்கியது. செயினைப் பல்லுக்குப் பல் தாவவிடும் கியருக்கு அங்கே 1937இல்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை மலையடிவாரத்தில் இறங்கி, பின்சில்லைக் கழற்றி, மறுபக்கப் பல்லுக்குத் திருப்பிப் பூட்டி ஓடினார்கள். ஒற்றைப் பல்லில் ஓடுகிறோமே என்று கவலைப்படாதீர்கள்.

ரயரில்தான் நான் காசைக் கரியாக்கினேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கொழும்புக்குப் போனபோது ஒரு கடையில் நல்ல மெல்லிய றேஸ் ரயர் கண்டேன். பக்கத்தில் 700×28 என்று இருந்தது. என் சில்லு 28 அங்குலம். அப்போ சரிதானே? இரண்டு வாங்கி வந்து, வீட்டு விறாந்தையில் இருந்து, கரண்டிக்காம்பு இரண்டைக் கொடுத்து நெம்பினேன். ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் கழன்று வரும். ஒரு மணிநேரம் மல்லுக்கட்டி ரியூப்பில் இரண்டு ஓட்டை, கரண்டி இரண்டும் வளைந்ததுதான் மிச்சம். அந்த 28 அங்குலமே இல்லை, ரயரின் தடிப்பு, மில்லிமீற்றரில். றேஸ் ரயர் உட்காரும் றிம்மின் விட்டம் 622 மில்லிமீற்றர். நம்ம 28×1½ சைக்கிளுக்கு 635. 13 மில்லிமீற்றர் வித்தியாசம், ரயர் ஓரத்தில் இருக்கும் கம்பி இழுபடாது. இதைவிடப் பகிடி, பழைய 27×1¼ றிம் 630. 27 என்று பெயர் வைத்தது, 28 அங்குலம் என்றும் சொல்லப்படும் 622 றேஸ் றிம்மைவிடப் பெரிது! எனவே அங்குலக் கணக்கைப் பார்க்காதீர்கள். ரயரின் பக்கத்தில் சின்ன எழுத்தில் 40-635, 28-622 மாதிரி ஒரு இலக்கம் இருக்கும். பின்னால் இருக்கும் மூன்று இலக்கமும் உங்கள் பழைய ரயரோடு ஒத்துப்போக வேண்டும். உங்கள் அளவிலேயே புது ரயர் போட்டு, அதில் எழுதியிருக்கிற அளவுக்குக் காற்றடியுங்கள். கையால் நசித்துப் பார்த்து "காத்து இருக்குது" என்பது கணக்கில்லை.

சில்லையே மாற்றி 622 போடலாமே என்று கேட்பீர்கள். உங்களுடையது கம்பி பிறேக் (கேபிள் இல்லை, இரும்புக் கம்பி இழுக்கும் பழைய வகை) என்றால் சரிவராது, அதன் கட்டை றிம்மின் உட்பக்கத்தில் வந்து பிடிப்பது, றேஸ் றிம்மில் பிடிக்க இடமில்லை.

அப்புறம் உப்பு. கடற்கரைப் பக்கம் வீடென்றால் செயினுக்குக் கழிவு ஒயில் ஊற்றாதீர்கள், மணல் ஒட்டி அரம் மாதிரி அராவும். மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு, ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு துளி நல்ல ஒயில் விட்டு, வெளியே இருப்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். செயின் தேய்ந்ததா என்று பார்க்கப் பள்ளிக்கூட அடிமட்டம் போதும். ஒரு ஆணியின் நடுவில் பூச்சியத்தை வைத்தால் 12 அங்குலமும் இன்னொரு ஆணியின் நடுவில் விழவேண்டும். அந்த ஆணி 1/16 அங்குலம் தாண்டி நின்றால் செயினை மாற்றுங்கள். 1/8 தாண்டிவிட்டால் பல்லும் போய்விட்டது, புதுச் செயின் அதில் நிற்காது, துள்ளும்.

எல்லாம் செய்து, ஒரு வருடம் ஓடி, இன்னும் ஆசை அடங்கவில்லை என்றால் ஜப்பானில் ஓடிப் பழசாகி வரும் இரும்பு றேஸ் சைக்கிள் ஒன்றைப் பாருங்கள். வாங்கும்போது சீற் கம்பியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அலுமினியக் கம்பி இரும்புக் குழாய்க்குள் கிறீஸ் இல்லாமல் உப்புக்காற்றில் வருடக்கணக்கில் இருந்தால் இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். என் சிநேகிதன் ஒருவனின் சைக்கிளில் கடைசியில் வாள் போட்டுத்தான் அறுத்தோம். றேஸ் ரியூப்பின் வால்கட்டை மெல்லியது, நுனியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் தளர்த்தாமல் பம்மை வைத்து "காத்து ஏறுதில்லை" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

ஹெல்மெற் கட்டாயம். 2003இல் பாரிஸ்-நீஸ் போட்டியில் விழுந்து கசக்ஸ்தான் ஓட்டக்காரர் அந்திரே கிவிலேவ் இறந்த பிறகுதான் யூ.சி.ஐ. அதைக் கட்டாயமாக்கியது. நமக்கு மாடு, நாய் போதாதென்று கோட்டை மான்களும் றோட்டுக்கு வரும். கடற்கரை வீதியில் விடியப்புறம் நான் ஒரு கொம்பன் மானோடு மோதப் பார்த்தேன். பெல் இருந்திருந்தால் அடித்திருப்பேன்.

அந்த இரண்டு 700×28 ரயரும் இன்னும் எங்கள் கோழிக்கூட்டு வளையில் தொங்குகின்றன. அதில் ஒன்றில் ஒரு கோழி முட்டைகூட இட்டது.