எல்இடி இண்டிகேட்டர் மாட்டிய பிறகு வயரிங் தகராறா? கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் அநேகமாக எல்லாமே ஒரே இடத்தில் முளைத்தவை. பைக்கில் கம்பெனி கொடுத்த இண்டிகேட்டரைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து வண்டி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நிறையப் பேர் முதல் சந்தேகத்திலேயே கட்டிங் பிளேயரை எடுத்து ஒரிஜினல் வயரை வெட்டிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு கேட்பதில்லை. முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: பழைய 10 வாட் பல்பு வெளிச்சம் மட்டும் தரவில்லை. இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கும் ஃபிளாஷருக்குத் தேவையான சுமையாகவும், சில வண்டிகளில் கரன்ட் திரும்பிப் போகும் வழியாகவும் அதுதான் இருந்தது. அதைக் கழற்றியதும் இந்த வேலைகளும் நின்றுபோகின்றன.

நான்கு பக்கமும் எல்இடி போட்டேன். சுவிட்சைத் தள்ளினால் படபடவென்று அடிக்கிறது. கடைக்காரர் ரெசிஸ்டர் போடச் சொல்கிறார், மெக்கானிக் ஃபிளாஷரை மாற்றச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (தர்மபுரி)

மெக்கானிக் பேச்சைக் கேளுங்கள். ஒரு பக்கத்துக்கு முன்னும் பின்னும் 10 வாட் பல்பு என்றால் மொத்தம் 20 வாட். 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 1.7 ஆம்பியர். எல்இடி ஜோடி இழுப்பது பெரும்பாலும் கால் ஆம்பியர்கூட வராது. உங்கள் எலக்ட்ரானிக் ஃபிளாஷர் இதைப் பார்த்து "ஒரு பல்பு ஃபியூஸ் போய்விட்டது" என்று எடுத்துக்கொண்டு வேகமாக அடிக்கிறது. உண்மையில் அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. பழைய வண்டிகளில் உள்ள, சூடேறி வளையும் தகடு வைத்த ஃபிளாஷராக இருந்தால் வேறு மாதிரி: தகடு சூடேறவே சூடேறாது, விளக்கு அடிக்காமல் சும்மா எரிந்துகொண்டு நிற்கும்.

ரெசிஸ்டர் போட்டாலும் வேகம் சரியாகும். ஒரு பல்புக்கு ஈடாக 15 ஓம், 25 வாட் ரெசிஸ்டரை இண்டிகேட்டருக்குப் பக்கவாட்டில், அதாவது பாசிட்டிவ் வயருக்கும் எர்த்துக்கும் (பேட்டரி நெகட்டிவோடு சேரும் பக்கம்) நடுவில் கொடுக்க வேண்டும். வரிசையில் கொடுத்தால் பயனில்லை. ஆனால் மிச்சப்படுத்திய கரன்ட் முழுவதையும் வெறும் சூடாக வீணாக்குவதுதான் அந்த ரெசிஸ்டரின் வேலை. அதை டேப் சுற்றி சீட்டுக்கு அடியில் செருகினால் பக்கத்து வயரின் தோல் உருகும். எல்இடி ஃபிளாஷர் வாங்கும்போது மேலே "0.02 ஆம்பியர் முதல்" என்பது போலக் குறைந்த அளவு அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பின் உள்ளதில் பி, எல் என்ற எழுத்துகள் இருக்கும்: பி பேட்டரி பக்கம், எல் சுவிட்ச் பக்கம். மாற்றிச் செருகினால் வேலை செய்யாது. மூன்றாவதாக இ என்ற பின் இருந்தால் அது எர்த். பின்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் எழுத்தை மட்டும் நம்புங்கள்.

எல்இடி ஃபிளாஷரும் மாற்றிவிட்டேன். வேகம் சரி. ஆனால் இடது போட்டாலும் வலது போட்டாலும் நான்கும் சேர்ந்து அடிக்கிறது. வயரிங் கிட்டையே மாற்றச் சொல்கிறார்கள் அண்ணா. (திண்டுக்கல்)

கிட்டை மாற்ற வேண்டாம் தம்பி, அது நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் மீட்டரில் இடத்துக்கும் வலத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பச்சை விளக்குதானே? கோளாறு அங்கே.

அந்தச் சின்ன பல்புக்குத் தனி எர்த் கிடையாது. அதன் ஒரு கால் இடது வயரில், மறு கால் வலது வயரில். இடது போட்டால் கரன்ட் அந்த பல்பு வழியாக வலது வயருக்குப் போய், வலப்பக்க பல்புகளின் இழை வழியாக எர்த் ஆகும். சின்ன பல்பு வழியாக வரும் கரன்ட் கொஞ்சம்தான். 10 வாட் இழையைச் சிவக்க வைக்கக்கூட அது போதாது. அதனால் வலப்பக்கம் இருட்டாகவே இருந்தது, நமக்கு எதுவும் தெரியவில்லை. எல்இடிக்கோ அந்தக் கொஞ்சமே விருந்து. உடனே எரிந்துவிடும். பின்னால் மட்டும் எல்இடி மாற்றி முன்னால் பழைய பல்பை விட்டவர்களுக்கு இந்தத் தொல்லை வராததற்கும் இதுதான் காரணம்: அவர்களுக்கு முன் பல்பின் இழை இன்னும் எர்த் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

உறுதி செய்துகொள்ள மீட்டரிலிருந்து அந்த பல்பை உருவிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் நோய் அதுதான். மருந்து இரண்டு டையோடு, அதாவது கரன்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் சின்ன உறுப்பு. 1என் 4007 என்று கேட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. டையோடின் ஒரு முனையில் வெள்ளிக் கோடு இருக்கும். மீட்டர் பல்புக்குப் போகும் இடது வயரில் ஒரு டையோடு, வலது வயரில் ஒரு டையோடு. இரண்டிலும் கோடு இல்லாத முனை வயர் பக்கம். கோடு உள்ள இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து பல்பின் ஒரு காலில் கொடுங்கள். மறு காலை எர்த்தில் கொடுங்கள். மீட்டரில் எல்இடி இருந்தால் சேர்த்த முனை அதன் பாசிட்டிவுக்குப் போக வேண்டும். இப்போது கரன்ட் இரண்டு பக்கத்திலிருந்தும் விளக்குக்கு வரலாம், ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தாண்ட முடியாது. சால்டரிங் வைத்து, மேலே ஹீட் ஸ்லீவ் போட்டுச் சுருக்கிவிடுங்கள். வெறும் டேப் நம் ஊர் வெயிலில் பிசினாகி நழுவிவிடும்.

மீட்டரில் இரண்டு அம்புக்குறி தனித்தனியாக இருந்தும் நான்கும் அடிக்கிறதென்றால், பின்னாளில் மாட்டிய ஹசார்டு சுவிட்சையோ (நான்கையும் ஒன்றாக அடிக்க வைப்பது) பஸ்ஸரையோ கழற்றிப் பாருங்கள். இடத்துக்கும் வலத்துக்கும் பாலம் போட்டிருப்பது அதுவாக இருக்கும்.

பின் இடது இண்டிகேட்டர் மட்டும் எரியவில்லை. தண்டைக் கையால் அழுத்தினால் எரிகிறது. (காரைக்குடி)

எர்த். உங்களுடையது ஒற்றை வயர் இண்டிகேட்டர். தண்டின் மரைதான் அதற்கு எர்த். பவுடர் கோட்டிங் அடித்த பிராக்கெட்டில் முடுக்கியிருக்கிறீர்கள், பெயின்ட் கரன்ட்டை விடாது. பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு நீள வயரை எடுத்துத் தண்டில் தொட்டுப் பாருங்கள், பளிச்சென்று எரியும். நட்டுக்கு அடியில் ஒரு ரிங் லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து, அதிலிருந்து வண்டியின் எர்த் வயருக்கு இழுத்துவிட்டால் முடிந்தது. பெயின்ட்டைச் சுரண்டினாலும் வேலை நடக்கும், ஆனால் அடுத்த மழைக்கு அங்கே துரு பிடிக்கும்.

பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டர் மங்கினாலும், இண்டிகேட்டரோடு சேர்ந்து டெயில் லைட்டும் மினுக்கினாலும் முதலில் எர்த்தைத்தான் சந்தேகப்படுங்கள்.

பச்சை வயர்தான் எர்த் என்று படித்தேன். என் யமஹாவில் பச்சையை சேஸிஸில் முடுக்கினேன். வலது போட்டால் ஃபியூஸ் போகிறது. (நாகர்கோவில்)

நீங்கள் படித்தது ஹோண்டா வண்டிக்கு. அதில் பச்சை எர்த், ஆரஞ்சு இடது, வெளிர் நீலம் வலது. கறுப்பு சாவி போட்டதும் பாசிட்டிவ் வரும் வயர். யமஹாவில் கறுப்பு எர்த், சாக்லேட் நிறம் இடது, கரும்பச்சை வலது. அதாவது வலது இண்டிகேட்டரின் பாசிட்டிவை நேரே சேஸிஸில் முடுக்கியிருக்கிறீர்கள். ஃபியூஸ் போய் உங்கள் வயரிங்கைக் காப்பாற்றியது. சுசுகிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அங்கே கறுப்பு இடது இண்டிகேட்டர், கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டது எர்த்.

எந்தக் கம்பெனியானாலும் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்த பிறகே இணையுங்கள். லாம்ப் கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் மாட்டி, இண்டிகேட்டரைப் போட்டு வயரைத் தொட்டால் அடிக்கிறதா? அது பாசிட்டிவ். கிளிப்பை பேட்டரி பாசிட்டிவுக்கு மாற்றித் தொடும்போது எரிந்தால் அது எர்த். இரண்டாவது சோதனைக்கு முன் மீதமுள்ள பழைய பல்புகளையெல்லாம் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அவற்றின் இழை வழியாக எர்த் கிடைத்து, இண்டிகேட்டர் வயரே எர்த் மாதிரி வேஷம் போடும். கைதேர்ந்த ஆட்களே இதில் ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று வயர் உள்ள இண்டிகேட்டர். மாட்டியதிலிருந்து இரண்டு நாள் வண்டியை எடுக்காவிட்டால் செல்ஃப் இழுப்பதில்லை. (வேலூர்)

மூன்றாவது வயர் எப்போதும் எரியும் பார்க் லைட்டுக்கு. அதை நேராக பேட்டரியில் கொடுத்திருப்பார்கள். சாவியை எடுத்தாலும் உள்ளே ஏதோ கொஞ்சம் ஓடிக்கொண்டே இருக்கும். 100 சிசி வண்டிகளில் பேட்டரியே 3 ஆம்பியர்-அவர் அளவுதான், 0.2 ஆம்பியர் கசிந்தால்கூட ஒரு ராத்திரியில் முக்கால்வாசி போய்விடும். அந்த வயரை, சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் வயருக்கு மாற்றுங்கள். டெயில் லைட் வயர் பக்கத்திலேயே இருக்கும்.

ஹேண்டிலை முழுக்க இடது பக்கம் வளைத்தால் மட்டும் ஃபியூஸ் போகிறது. (ஓசூர்)

முன் இண்டிகேட்டர் வயர் ஸ்டியரிங் கழுத்தில் நசுங்கித் தோல் உரிந்திருக்கிறது. ஹெட்லைட்டைக் கழற்றினால் கண்ணுக்கே தெரியும். உரிந்த இடத்தை மூடிவிட்டு, ஹேண்டில் இரண்டு பக்கமும் முழுக்கத் திரும்பும் அளவுக்கு வயரில் தளர்வு விடுங்கள். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள், வண்டி எரியும்.

நீல நிற இண்டிகேட்டர் மாட்டலாமா? (திருப்பூர்)

கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இண்டிகேட்டருக்கு ஆம்பர் நிறத்தைத்தான் சொல்கின்றன. நிமிடத்துக்கு 60க்குக் குறையாமல் 120க்கு மிகாமல் அடிக்கவும் வேண்டும். நடுப்பகலில் உங்கள் பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணில் நீலம் படவே படாது. மெலிந்த கம்பி போன்ற சில எல்இடிகளும் வெயிலில் தெரிவதில்லை. மாட்டியதும் பகலில் ஒருவரை இருபது அடி பின்னால் நிற்க வைத்துப் பாருங்கள்.

ஃபிளாஷர் புதிது, எல்இடி புதிது, ஒன்றுமே எரியவில்லை. (சிதம்பரம்)

ஃபிளாஷரை உருவி, அது செருகியிருந்த கப்ளரில் பி, எல் இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டு வயரைச் செருகுங்கள். சாவியைப் போட்டு இண்டிகேட்டரைத் தள்ளுங்கள். அடிக்காமல் நிலையாக எரிந்தால் வயரிங் சரி, ஃபிளாஷர்தான் கெட்டது அல்லது மாற்றிச் செருகியிருக்கிறது. அப்போதும் எரியாவிட்டால் எல்இடியைத் தலைகீழாக இணைத்திருக்கலாம். பல்புக்குப் பாசிட்டிவ் நெகட்டிவ் பேதமில்லை, எல்இடிக்கு உண்டு. கறுப்புதான் நெகட்டிவ் என்று எல்லாத் தயாரிப்பாளர்களும் வைப்பதில்லை. மாட்டுவதற்கு முன் 9 வோல்ட் பேட்டரியில் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

என் வண்டி பிஎஸ்-6. ஃபிளாஷரைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. (பெரம்பலூர்)

சில புது மாடல்களில் தனி ஃபிளாஷரே கிடையாது. அந்த வேலையை மீட்டரோ கன்ட்ரோல் யூனிட்டோ பார்த்துக்கொள்ளும். அங்கே மேலே நான் வேண்டாம் என்ற ரெசிஸ்டர்தான் வழி. அதன் அலுமினிய உடலை இரும்புப் பட்டையில் திருகி, பிளாஸ்டிக்குக்கும் வயருக்கும் எட்டாமல் வையுங்கள். ஒரிஜினல் வயரை வெட்டாமல், அதே அளவு கப்ளர் வாங்கி நடுவில் செருகுங்கள். வாரன்டி காலம் முடியாத வண்டியென்றால், மாட்டும் முன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.