யாழ்ப்பாணத்திலிருந்து பெங்களூருக்கு மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு வருகிறேன். மாணவர் விசா கிடைத்துவிட்டது, கல்லூரி விடுதியில் இடமில்லை. தமிழ் மட்டும் போதுமா? முதல் மாதத்தில் எதில் கவனம் வைக்க வேண்டும்?

பாஷையும் சாப்பாடும் பத்து நாளில் பழகிவிடும். விடுதி கிடைக்காத வெளிநாட்டு மாணவரை இந்த ஊரில் இழுத்தடிப்பது முகவரிச் சான்று. பதிவு, பேங்க், ஆதார் எல்லாம் அந்த ஒரு தாளில்தான் தொங்குகின்றன. அதனால் வீடு தேடும்போது வாடகைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

வெளிநாட்டவர் யாரைத் தங்க வைத்தாலும், ஹோட்டலோ பிஜியோ (மாதப் பணம் கட்டித் தங்கும் தனியார் விடுதி) வீட்டு ஓனரோ, 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அலுவலகத்துக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். வழக்கில் அதற்கு 'சி ஃபார்ம்' என்று பெயர். அதைப் போட ஓனருக்கு அந்தத் தளத்தில் ஒரு கணக்கு வேண்டும். பெங்களூரில் பல பிஜிக்காரர்களிடம் அது கிடையாது. சிலர் நேராக "ஃபாரினர்ஸ் வேண்டாம்" என்றுவிடுவார்கள், அவர்களால் தொல்லை இல்லை. தொல்லை, அட்வான்ஸை வாங்கிக்கொண்டு "நாளைக்குப் போடறேன் தம்பி" என்பவர்களால்தான். ஆகவே பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்: "சி ஃபார்ம் போடுவீங்களா? இதுக்கு முன்னாடி வெளிநாட்டுப் பசங்க தங்கியிருக்காங்களா?" இரண்டாவது கேள்விக்கு ஆம் என்றால் முதல் கேள்விக்கும் பெரும்பாலும் ஆம்தான். போட்டபின் அதன் பிடிஎஃப் நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் ஏற்கெனவே பழக்கமான பிஜிக்களின் பட்டியல் இருக்கக்கூடும். புரோக்கரிடம் போகும் முன் அங்கே கேட்பது லாபம்.

அடுத்தது பதிவு. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருகிறவர், வந்திறங்கிய 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓவில், அதாவது வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில், பதிய வேண்டும். கணக்கு தொடங்குவது பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த நாளிலிருந்து; கல்லூரி திறந்த நாளிலிருந்து அல்ல. விமான நிலையத்தில் முத்திரை மங்கலாக விழுந்தால் அங்கேயே சொல்லித் தெளிவாக இன்னொன்று வாங்குங்கள், ஏனென்றால் அந்தப் பக்கத்தைத்தான் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில் கணக்கு திறந்து, பதிவு என்ற சேவையைத் தேர்ந்து, புகைப்படம், பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசாவும் வருகை முத்திரையும் உள்ள பக்கங்கள், நீங்கள் அங்கே படிப்பதாகக் கல்லூரி தரும் பொனஃபைட் சான்று, சி ஃபார்ம் நகல் அல்லது வாடகை அக்ரிமென்ட் ஆகியவற்றை ஏற்றுவீர்கள். அக்ரிமென்ட் கொடுத்தால் ஓனரின் கரண்ட் பில்லையும் சேர்த்துவையுங்கள். கூப்பிட்டால் மட்டும் நேரில் போனால் போதும்: சாந்திநகரில் டபுள் ரோட்டிலுள்ள பிஎம்டிசி பஸ் நிலையக் கட்டடம். முடிந்ததும் சான்றிதழ் மின்னஞ்சலில் வரும்.

விண்ணப்பம் அதிகம் திரும்பி வருவது பெயரால். உங்கள் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாக இருக்கும். இங்குள்ள கல்லூரி எழுத்தர் பழக்கதோஷத்தில் முதலெழுத்தாகச் சுருக்கிவிடுவார். சேர்க்கைக் கடிதத்தில் ஒரு மாதிரி, பொனஃபைடில் இன்னொரு மாதிரி, விசாவில் மூன்றாவது மாதிரி என்று வந்தால் திருத்தத்துக்கே ஒரு வாரம் போகும். பாஸ்போர்ட் நகலை எழுத்தர் மேசைமேல் வைத்து, எழுத்துக்கு எழுத்து பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். சும்மா நச்சரிப்பதாக நினைப்பார், பரவாயில்லை.

பதிந்தபின்னும் வீடு மாறினால் அதே தளத்தில் தெரிவிக்க வேண்டும். கல்லூரி மாறுவதென்றால் முன் அனுமதி வேண்டும், மாணவர் விசா அந்தக் குறிப்பிட்ட கல்லூரிக்கானது. அந்த விசாவில் சம்பள வேலை கூடாது; டெலிவரி ஓட்டிக் கைச்செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். விசா முடியும் தேதியையும் கடைசிப் பருவத் தேர்வுத் தேதியையும் இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். அரியர் விழுந்து படிப்பு நீண்டால், முடியும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். முடிந்தபின் போனால் அபராதமும் வெளியேறும் அனுமதியும் சேர்ந்துகொள்ளும்.

பேங்கில் நீங்கள் திறப்பது என்ஆர்ஓ கணக்கு, அதாவது இந்தியாவில் நிரந்தரமாக வசிக்காதவருக்கான ரூபாய்க் கணக்கு. பாஸ்போர்ட், விசா, புகைப்படம், சேர்க்கைக் கடிதம் இருந்தாலே ரிசர்வ் வங்கி விதிப்படி திறக்கலாம். உள்ளூர் முகவரிச் சான்றை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதுவரை வெளிநாட்டிலிருந்து வரும் பணம் 1,000 டாலருக்கும், மாதம் எடுப்பது 50,000 ரூபாய்க்கும் மேல் போகாது. கல்லூரிக் கட்டணத்தை இந்தக் கணக்கு வழியாக முதல் மாதமே கட்டலாம் என்று கணக்குப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். கட்டணத்தை ஊரிலிருந்தே நேராகக் கல்லூரிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். கிளையில் இருப்பவருக்கு இந்த விதி தெரியாமல் "ஆதார் இல்லாம முடியாது" என்று சொன்னால், கல்லூரிக்குப் பக்கத்துக் கிளைக்குப் போங்கள். வெளிநாட்டு மாணவர்களைப் பார்த்துப் பழகிய இடம் அதுதான். ஆதார் உங்களுக்கும் உண்டு, ஆனால் விண்ணப்பிக்கும் முன்னுள்ள 12 மாதத்தில் 182 நாள் இங்கே தங்கியிருக்க வேண்டும். சிம்முக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் போதும். ஆனால் கம்பெனியின் சொந்தக் கடைக்கே போங்கள், தெருமுனைக் கடையில் ஆதார் விரல்ரேகைக் கருவி மட்டும்தான் இருக்கும். இந்திய எண் கணக்கோடு சேர்ந்ததும், போனிலேயே பணம் கட்டும் யூபிஐயைத் திறந்துகொள்ளுங்கள். இளநீர்க்காரர்கூட இங்கே சில்லறை தேடுவதில்லை.

வீட்டு விஷயத்தில் பெங்களூருக்கென்று சில வழக்கங்கள். பிஜியில் இருவர் பகிரும் அறை, சாப்பாட்டோடு, இடத்தைப் பொறுத்து மாதம் 8,000 முதல் 15,000 ரூபாய் வரை. அட்வான்ஸ் ஒரு மாதமோ இரண்டு மாதமோ. தனி வீடென்றால் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய பழக்கம். இப்போது பேசினால் ஐந்து, ஆறுக்கு இறங்குகிறார்கள். காலி செய்யும்போது பெயின்ட் செலவென்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பதும் வழக்கம். அதை அக்ரிமென்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அக்ரிமென்ட் 11 மாதத்துக்கு இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஒரு வருடத்துக்கு மேல் என்றால் பத்திரப் பதிவு கட்டாயம் என்பதால்தான் அப்படி. 'லீஸ்' என்பது வேறு: மொத்தமாகச் சில லட்சம் கொடுத்து, வாடகையில்லாமல் இருந்து, கடைசியில் பணத்தைத் திரும்ப வாங்குவது. உங்கள் ஊர் ஒத்தி மாதிரி. இடையில் நிற்பவர் லட்சங்களை வாங்கிக்கொண்டு, ஓனருக்கு மாத வாடகை மட்டும் கட்டிவந்து, ஒருநாள் அதையும் நிறுத்திவிடும் மோசடி இங்கே பழையது. மாணவருக்கு லீஸ் வேண்டவே வேண்டாம்.

தண்ணீரையும் கேளுங்கள். "காவேரி வருதா, போரா, டேங்கரா?" காவேரி என்றால் மாநகரக் குழாய்நீர், போர் என்றால் ஆழ்துளைக் கிணறு. புறநகரில் பல கட்டடங்கள் போர் தண்ணீரையும் டேங்கரையும் நம்பியிருக்கின்றன. 2024 கோடையில் போர்கள் வற்றியபோது டேங்கருக்கு அடிபிடி ஆனது. போர் தண்ணீர் உப்புக் கடினம். பாத்ரூம் குழாயில் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பாஷைக்கு வருகிறேன். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம், விவேக்நகர் பக்கம் தமிழிலேயே ஒரு நாளை ஓட்டிவிடலாம். அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை இருக்கிறது. 18 வருடம் மூடிக்கிடந்து 2009இல்தான் திறந்தது. தமிழுக்கும் கன்னடத்துக்கும் நடுவிலுள்ள கூச்சத்தைப் புரிந்துகொள்ள அந்த ஒரு தகவலே போதும். ஆகவே ஆட்டோவிலும் அரசு அலுவலகத்திலும் எடுத்த எடுப்பில் தமிழ் வேண்டாம். "கன்னடா ஸ்வல்ப ஸ்வல்ப பருத்தெ" என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் பாதி நேரம் தானே தமிழுக்கு வந்துவிடுவார். காவிரித் தகராறு செய்தியில் ஓடும் வாரங்களில் அந்தப் பேச்சை யாரோடும் எடுக்காதீர்கள்.

கன்னடத்தை மனப்பாடம் செய்வதைவிட ஒலி மாற்றத்தைப் பிடித்துக்கொள்வது சுலபம். சொல் முதலில் நம் ப அங்கே ஹ ஆகும்: பால் ஹாலு, பத்து ஹத்து, பூ ஹூவு, போ ஹோகு, புதிய ஹொஸ. நம் வ அங்கே அழுத்தமான ப: வா பா, விலை பெலெ, வெல்லம் பெல்ல, வேண்டும் பேக்கு, வேண்டாம் பேடா. கடைசி ஐ, எ ஆகும்: தலை தலெ, மனை மனெ. இந்த மூன்றை வைத்தே கடைப் பலகை பாதி புரியும். மரியாதையாக 'வாங்க' என்பது 'பன்னி'. முதல் தடவை கேட்டுக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அண்ணா, அக்கா இரண்டு பாஷைக்கும் பொது. நீங்கள் 'ஓம்' என்றால் இங்குள்ள தமிழர்களே ஒரு நொடி விழிப்பார்கள், 'ஆமா' போடுங்கள்.

ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே. டிசம்பர், ஜனவரி இரவுகளில் 15 டிகிரி அளவுக்கு இறங்கும், யாழ்ப்பாண உடம்புக்கு ஸ்வெட்டர் தேவை. சதுர முள் பிளக் இங்கே ஏறாது. பெட்டியில் இரண்டு அடாப்டர் போடுங்கள். உயர்தரச் சான்றிதழை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்தி எடுத்து வாருங்கள், பின்னால் கேட்டால் ஊரிலிருந்து அனுப்பச் சொல்லி அலைய வேண்டாம். மெஸ்ஸில் சோனா மசூரிச் சோறும் வெல்லம் போட்ட சாம்பாரும்தான். சமைக்கிற அறை கிடைத்தால், வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் ஒரு கிலோ கொண்டு வாருங்கள். இங்கே பாக்கெட்டில் விற்கும் சாம்பார் பொடியில் உங்கள் ஊர்க் குழம்பு வராது.