பைக் ஓட்ட ஆக்‌ஷன் கேமரா: குறைந்த பட்ஜெட்டில் எதை வாங்கலாம்? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பட்ஜெட் ரொம்பக் குறைவு. பெட்டியில் 4கே என்று போட்டிருக்கும் மலிவான புதுக் கேமரா வாங்கவா, பழைய கோப்ரோ பிராண்ட் கேமராவை செகண்ட் ஹேண்டில் எடுக்கவா?

பதில்: என் ஓட்டு பழைய கோப்ரோவுக்குத்தான். பைக்குக்கு முதலில் பார்க்க வேண்டியது ஸ்டெபிலைசேஷன், அதாவது வீடியோவில் ஆட்டத்தைக் குறைக்கும் வசதி. கோப்ரோவின் ஸ்டெபிலைசேஷனான ஹைப்பர்ஸ்மூத் 2018இல் ஹீரோ 7 பிளாக் என்ற மாடலில் அறிமுகமானது. கேமராவுக்குள் இருக்கும் கைரோ சென்சார் ஆட்டத்தை அளக்கும். அதை வைத்து ஒவ்வொரு ஃபிரேமும் எதிர்த்திசையில் நகர்த்தப்பட்டு, ஓரம் கொஞ்சம் வெட்டப்படும். என்ஜின் அதிர்வும் ரோட்டுக் குழியும் சேரும்போது, இது இல்லாமல் எடுத்த வீடியோவைப் பார்த்தால் தலைதான் சுற்றும்.

மலிவான கேமராக்கள் பலவற்றில் அந்த 4கே உண்மையான 4கே இல்லை. சென்சார் எடுத்த சின்னப் படத்தை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்கியிருக்கும். சிலவற்றில் 1080பி-க்கு (4கே-வைவிடச் சின்ன ஃபுல் எச்டி அளவு) மேல் போனாலே ஸ்டெபிலைசேஷன் வேலை செய்யாது. அதனால் விவரப் பட்டியலில் சென்சார் மாடலையும், எந்த அளவு வரை ஸ்டெபிலைசேஷன் கிடைக்கும் என்பதையும் தேடிப் படியுங்கள். நொடிக்கு 60 ஃபிரேம் எடுக்கும் நல்ல 1080பி வீடியோ, போலி 4கே-வைவிட எவ்வளவோ மேல்.

பழையது வாங்கினால் லென்ஸில் கீறல், பேட்டரியில் உப்பல், மூடியின் ரப்பர் மூன்றையும் பாருங்கள். அப்புறம், விற்பவர் முன்னாலேயே இருபது நிமிடம் விடாமல் ரெக்கார்ட் செய்யுங்கள். நடுவில் நின்றால் வேண்டாம்.

கேள்வி: கையில் நல்ல ஐபோன் இருக்கிறது. அதையே ஹேண்டில்பாரில் மாட்டினால் போதாதா?

பதில்: வேண்டாம். பெரிய பைக் என்ஜின்களின் அதிர்வு, போன் கேமராவில் லென்ஸை அசைத்து வேலை செய்யும் ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷனையும் ஆட்டோஃபோகஸையும் பாதிக்கலாம் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்தது. ஆக்‌ஷன் கேமராக்களில் பொதுவாக லென்ஸ் அசையாது, அதனால் அந்தப் பயம் குறைவு.

கேள்வி: சார், எங்கே மாட்டினால் வீடியோ நன்றாக வரும்?

பதில்: ஹெல்மெட்டின் தாடைப் பகுதிதான் என் முதல் தேர்வு. கண் பார்க்கும் காட்சி அப்படியே வரும், ஹேண்டில்பாரும் ஃபிரேமில் விழும். உடம்பே பாதி அதிர்வை வாங்கிக்கொள்ளும். நெஞ்சுப் பட்டையும் பரவாயில்லை, ஆனால் குனிந்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் பைக்கில் டேங்க் மட்டும்தான் தெரியும். ஹெல்மெட்டின் உச்சியில் மாட்டாதீர்கள். காற்று கழுத்தை இழுக்கும். ஹெல்மெட்டில் ஓட்டை போடவே கூடாது. ஒட்டும் மவுண்டோ பட்டையோ போதும். உங்கள் நாட்டுச் சட்டம் ஹெல்மெட் கேமராவை அனுமதிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேசுவது எதுவும் கேட்பதில்லை, காற்று இரைச்சல்தான் வருகிறது.

பதில்: மைக்கை ஹெல்மெட்டுக்குள், வாய்க்குப் பக்கத்தில் ஸ்பாஞ்ச் உறையோடு வையுங்கள். வாங்கும் முன்பே வெளி மைக் இணைக்க முடியுமா, அதற்குத் தனி அடாப்டர் தேவையா என்று கேளுங்கள். ஹீரோ 7 பிளாக்குக்கு அடாப்டர் தேவை. அதன் விலையையும் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: எந்த மெமரி கார்டு?

பதில்: வி30 குறி உள்ளது. நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும். 100 எம்பிபிஎஸ்-ஸில் (நொடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 எம்பி) எடுத்தால் மணிக்குச் சுமார் 45 ஜிபி ஆகும், எனவே 128 ஜிபி வாங்குங்கள். போலி கார்டுகள் நிறைய உலவுகின்றன. நம்பிக்கையான இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: இரவில் ஓட்டும்போது படம் ஒரே மங்கலாக, ஆடி ஆடி வருகிறது. கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. சின்ன சென்சாருக்கு வெளிச்சம் போதாதபோது ஷட்டர் நேரம் நீளும், அசைவு ஒவ்வொரு ஃபிரேமிலும் இழுபடும். ஏற்கெனவே இழுபட்ட ஃபிரேமை ஸ்டெபிலைசேஷன் சரிசெய்ய முடியாது. குறைந்த பட்ஜெட்டில் இதற்குத் தீர்வு கிடையாது. விபத்துச் சாட்சிக்காக மட்டும் கேமரா வேண்டுமென்றால், பைக் பேட்டரியில் இணைத்துத் தானாகவே ஓடும் டேஷ்கேம் வாங்குவது புத்திசாலித்தனம்.

கேள்வி: சிக்னலில் நிற்கும்போது கேமரா சூடாகி அணைந்துவிடுகிறது.

பதில்: காற்றோட்டம் நின்றதுதான் காரணம். நொடிக்கு 60 ஃபிரேம் 4கே-யிலிருந்து 30 ஃபிரேம் 4கே-க்கோ 1080பி-க்கோ இறக்குங்கள், வைஃபையை அணையுங்கள். மழை இல்லாத நாளில் வாட்டர்ப்ரூஃப் கூட்டையும் கழற்றிவிடுங்கள்.