பின்சீட்டில் தையல் பெட்டி: குவில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை) பிரியர்களுக்குக் கேள்வி – பதில்

கேள்வி: வசந்த காலத்தில் எட்டு நாள் காரில் சுற்றப் போகிறோம். கணவர்தான் ஓட்டுவார். மெஷினைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வண்டியில் உட்கார்ந்தபடி செய்ய எந்த வேலை தோதாக இருக்கும்? எவ்வளவு எடுத்துப் போகலாம்?

பதில்: காகிதம் வைத்துத் தைக்கும் அறுகோணம், அதாவது அறுகோணக் காகிதத்தின் மேல் துணியை மடித்துத் தைத்து, பிறகு ஒன்றோடொன்று இணைக்கும் வேலை. இதற்கு மேஜை வேண்டாம், இஸ்திரிப் பெட்டி வேண்டாம், உள்ளங்கை அளவு இடம் போதும்.

பக்கம் 1 அங்குலம் உள்ள அறுகோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குத் துணியை இரண்டரை அங்குலச் சதுரமாக வெட்டினால் போதும். அறுகோணமாக வெட்ட வேண்டியதில்லை, மடிக்கும்போது மூலைகள் தானாக உள்ளே போய்விடும். 18-க்கு 22 அங்குலத் துணி ஒன்றில் இப்படி 56 சதுரங்கள் கிடைக்கும். நடுவில் 1, அதைச் சுற்றி 6, அதற்கு வெளியே 12 என ஒரு பூவுக்கு 19 அறுகோணங்கள் ஆகும். எட்டு நாளைக்குப் பத்துப் பூ, அதாவது 190 சதுரம் தாராளம். பூவுக்கு ஒரு பை என்று பிரித்து, நடு, உள் வட்டம், வெளி வட்டம் மூன்றையும் வீட்டிலேயே அடுக்கிவிடுங்கள். ஓடுகிற வண்டியில் நிறம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால் பாதித் துணி சீட்டுக்கு அடியில்தான் கிடக்கும்.

உள்ளே வைக்கும் காகிதம் 160 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) தடிமனில் இருக்கட்டும். சாதாரண பிரிண்டர் தாள் விளிம்பில் மடங்கி அளவைக் கெடுத்துவிடும். துணியைக் காகிதத்தின் மேல் மடித்து, ஒவ்வொரு மூலையிலும் துணியோடு துணியை மட்டும் பிடித்துக் கச்சா தையல் (தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் தையல்) போடுங்கள். ஊசி காகிதத்தைத் துளைக்கக் கூடாது. அப்போதுதான் கடைசியில் காகிதம் கிழியாமல் முழுசாக வெளியே வரும், மறுபடியும் பயன்படும். ஆறு பக்கமும் இணைந்த பிறகே காகிதத்தை எடுக்க வேண்டும்.

வண்டி ஓடும்போது கச்சா தையலை மட்டும் வைத்துக்கொண்டு, அறுகோணங்களை ஒன்றோடொன்று இணைப்பதைத் தங்கும் இடத்தில் செய்யுங்கள். இணைப்புத் தையல் மடிப்பின் ஓரத்தில் இரண்டு மூன்று இழையை மட்டும் பிடிக்க வேண்டும், அங்குலத்துக்கு 14, 16 தையல் விழ வேண்டும். குலுங்கும் சாலையில் ஊசி ஆழமாக இறங்கிவிடும், நல்ல பக்கத்தில் நூல் பல்வரிசைபோலத் தெரியும். ஒரு பூவில் இணைக்க வேண்டிய விளிம்புகள் 42, அதாவது 42 அங்குலத் தையல். அவசரப்படாமல் தைத்தால் இரவுக்கு ஒரு பூ முடியும்.

மூலை சேரும் இடத்தில் ஓட்டை விழுவது பலருக்கும் வரும் குறை. மூலையிலிருந்தே தைக்கத் தொடங்குவதால் வருவது அது. மூலைக்கு மூன்று தையல் உள்ளே தொடங்கி, பின்னோக்கி மூலைவரை போய், அங்கிருந்து திரும்பி முன்னோக்கி வாருங்கள். மூலை இரட்டைப் பிடிமானத்தோடு நிற்கும்.

ஆடும் வண்டியில் ஊசிக் கண்ணில் நூல் கோப்பது பெரும்பாடு. கிளம்புவதற்கு முன் நூல்கண்டின் நுனியில் பத்து ஊசிகளையும் வரிசையாகக் கோத்துவிடுங்கள். வேண்டும்போது முதல் ஊசியை மட்டும் பிடித்து ஒன்றரை அடி நூலோடு இழுத்து, மற்ற ஒன்பதையும் கண்டுப் பக்கமாகத் தள்ளிவிட்டு வெட்டுங்கள். அடுத்த ஊசி நூலோடு காத்திருக்கும்.

தைப்பதானால் பின்சீட்டில் உட்காருங்கள். முன்சீட்டில் ஏர்பேக் விரிந்தால் கையில் இருக்கும் தையல் வளையமும் கத்தரிக்கோலும் முகத்தில்தான் வந்து மோதும். ஓடும் வண்டியில் கத்தரிக்கோலே வேண்டாம். பற்கள் உள்ளே ஒளிந்திருக்கும் நூல்வெட்டி ஒன்றைக் கழுத்தில் நாடாவோடு மாட்டிக்கொள்ளலாம். வளைவுப் பாதையில் தலை குனிந்து தைத்தால் குமட்டும். அங்கே கையை நிறுத்திவிட்டு வெளியே பாருங்கள்.

கேள்வி: குவில்ட் மேல்துணி முழுக்கத் தைக்க வேண்டிய டிசைனை வரைந்து எடுத்துப் போனேன். மதியம் காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய் வந்தால் பாதி கோடுகளைக் காணோம்! இன்னொரு துணியில் நீலக் கோடு பழுப்பாகி, தண்ணீர் தெளித்தாலும் போகவில்லை. இரண்டுமே நல்ல பேனாதான். ஏன் இப்படி?

பதில்: இரண்டுக்கும் காரணம் காருக்குள் ஏறிய சூடு. வெளியே 27 டிகிரி செல்சியஸ் இதமான வசந்த வெயில்தான் என்றாலும், கண்ணாடி ஏற்றிய கார் ஒரு மணி நேரத்தில் 45 டிகிரியைத் தாண்டிவிடும். நேரடி வெயில் படும் டாஷ்போர்டும் பின்பலகையும் அதைவிட அதிகமாகக் கொதிக்கும்.

காணாமல் போனது ஃபிரிக்ஷன் வகைப் பேனாவின் கோடாக இருக்க வேண்டும். அந்த மை சுமார் 60 டிகிரியில் நிறமிழக்கும். இஸ்திரி போட்டால் மறைவதும் அதனால்தான். மை துணியை விட்டுப் போவதில்லை, நிறம் மட்டுமே மறைகிறது. கடுங்குளிரில் அது திரும்பி வரும். இதையே உங்கள் வைத்தியமாக வைத்துக்கொள்ளலாம். துணியைக் காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் சில மணி நேரம் வையுங்கள். பெரும்பாலும் கோடுகள் தெரியும். உடனே அதன்மேல் சாக் பென்சிலால் வரைந்துவிடுங்கள். அதே காரணத்தால், பரிசாகக் கொடுக்கும் குவில்ட்டில் இந்தப் பேனா வேண்டாம் என்போம். குளிர்நாட்டுக்குப் போனால் ஒருநாள் கோடுகள் எழுந்து வரலாம். அடர்நிறத் துணியில் வெளுத்த தடமும் விட்டுவிடும்.

நீலக் கோட்டின் கதை வேறு. தண்ணீரில் போகும் பேனாவுக்குச் சூடு பகை. சூடு பட்டால் மை இழையில் பிடித்துக்கொள்ளும், பழுப்பாகும். இனி தெளித்துப் பயனில்லை. சோப்பு போடாமல், குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுக்க முக்கி வைத்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றிப் பாருங்கள். சிலது போகும், சிலது போகாது. கோடு முழுதும் போகும்வரை இஸ்திரிப் பெட்டி கிட்டவே வரக் கூடாது. ஊதா நிறத்தில் காற்றில் மறையும் பேனாவும் பயணத்துக்கு உதவாது. ஓரிரு நாளில் தானாகவே மறைந்துவிடும்.

பயணத்துக்கு நம்பகமானது சாக் பென்சிலும், மை இல்லாமல் துணியில் அழுத்திக் கோடு போடும் ஹேராவும். மாஸ்கிங் டேப் ஒட்டித் தைப்பவர்கள் அதை வண்டியில் ஒட்டியபடி விட்டுவிடாதீர்கள். சூட்டில் பசை இளகித் துணியில் தங்கிவிடும்.

இதே சூட்டில் கட்டிங் மேட் அப்பளம்போல வளைந்துவிடும், பிறகு நேராவது கடினம். மேட்டைச் சுருட்டியும் கொண்டு போகாதீர்கள், டிக்கியில் தட்டையாகப் படுக்க வையுங்கள். பசைக்குச்சியும் உருகும். துணி ஒட்டும் ஸ்ப்ரே டப்பாவை வெயிலில் நிற்கும் வண்டியில் விடவே கூடாது. அது வெடிக்கக்கூடிய பொருள்.

கேள்வி: போகிற ஊரிலெல்லாம் துணிக்கடையைப் பார்த்தால் வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுகிறேன். கையில் பேட்டர்ன் இல்லாதபோது எவ்வளவு வாங்குவது? வீட்டுக்கு வந்தால் எல்லாமே கொஞ்சம் குறைகிறது.

பதில்: அந்தத் துணி குவில்ட்டில் எங்கே போகும் என்று கடையிலேயே முடிவு செய்துவிட்டால் அளவு தானாக வரும். துண்டு வேலைக்கு என்றால் அரை கெஜம். கால் கெஜத்தைத் துணியின் அகலம் முழுக்கக் குறுக்காக வெட்டித் தந்தால் 9 அங்குலப் பட்டைதான் கையில் இருக்கும், பெரிய பூ போட்ட துணியில் பூ பாதியில் அறுபடும். குவில்ட்டைச் சுற்றி வரும் கரைத்துணிக்கு என்றால் 2 கெஜம் வேண்டும், ஒட்டுப்போடாமல் நீளமாக வெட்டலாம்.

குவில்ட்டின் பின்பக்கம் முழுக்க வரும் அடித்துணியில்தான் எல்லோருக்கும் குறைகிறது. 60-க்கு 72 அங்குல குவில்ட்டுக்குச் சுற்றிலும் 4 அங்குலம் கூட்டினால் 68-க்கு 80. துணியின் அகலம் நெசவு ஓரங்களை வெட்டிய பிறகு 42 அங்குலம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 68 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு எடுத்துக் குறுக்காக இணைத்தால் தையலுக்குப் போக 83 அங்குலம் வரும், 80-க்குப் போதும். மொத்தம் 136 அங்குலம். துவைத்தால் சுருங்குவதையும் சேர்த்து 4 கெஜம் கேளுங்கள், மீட்டரில் என்றால் 3.7. இதே குவில்ட்டின் விளிம்புப் பட்டிக்கு இரண்டரை அங்குலத்தில் 7 பட்டை வேண்டும், அது பதினேழரை அங்குலம். அரை கெஜத்தில் அரை அங்குலமே மிச்சம், வெட்டு கோணலானால் குறைந்துவிடும். அதனால் முக்கால் கெஜம் வாங்குங்கள்.

குவில்ட் அளவுகளை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள். சேர்க்க வேண்டிய துணியின் ஓரத் துண்டு ஒன்றையும் அதில் குத்திவையுங்கள். போனில் எடுத்த போட்டோவை நம்பி நிறம் பொருத்தவே கூடாது.

கேள்வி: சிவப்புத் துணி சாயம் போகுமா என்று கடையிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: அனுமதி கேட்டு, ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தில் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். ஒட்டினால் நிச்சயம் போகும். ஒட்டாவிட்டாலும் அடர்சிவப்பு, கருநீலம், பாட்டிக் மூன்றையும் வெட்டுவதற்கு முன் தனியாக அலசுங்கள்.

கேள்வி: மரத்தடியில் குவில்ட் விரித்து உட்கார்ந்தோம். எழுந்து பார்த்தால் முழுக்க மஞ்சள் பொடி. ஈரத்துணியால் துடைத்ததில் இன்னும் மோசமாகிவிட்டது.

பதில்: அது மகரந்தம். ஈரம் பட்டாலோ தேய்த்தாலோ நிறம் இழைக்குள் இறங்கிவிடும். அடுத்த முறை முதலில் உதறுங்கள், மிச்சத்தை ஒட்டும் டேப்பால் ஒற்றி ஒற்றி எடுங்கள், பிறகு வெயிலில் சிறிது நேரம் காயப் போட்டு மறுபடி உதறுங்கள். இப்போது பதிந்துவிட்ட கறைக்குக் குளிர்ந்த தண்ணீரில் என்சைம் உள்ள சோப்புத் தூள் கரைத்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். வெந்நீர் வேண்டாம். கறை இருக்கும்போது டிரையரில் போடாதீர்கள்.

புல்வெளியில் விரிப்பதானால் அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு கட்டாயம். வசந்தகாலத்துத் தரை காய்ந்ததுபோல இருந்தாலும் ஈரம் ஏறும். ஈரமான குவில்ட்டை மடித்து டிக்கியில் போட்டால் இரண்டு நாளில் பூஞ்சைப் புள்ளி வந்துவிடும், அது பெரும்பாலும் போகாது.

கேள்வி: ஏப்ரல், மே மாதங்களில் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருப்பேன். காரில் அழைத்துப் போவதாகச் சொல்கிறாள். குவில்ட்டுக்காகவே போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள் எவை?

பதில்: முதலில் கென்டக்கி மாநிலத்தில் ஒஹையோ ஆற்றங்கரை ஊரான பாடுகா. பில், மெரிடித் ஷ்ரோடர் தம்பதி நிறுவிய நேஷனல் குவில்ட் மியூசியம் 1991 ஏப்ரலில் இங்கே திறந்தது. அவர்களே 1984-ல் தொடங்கிய அமெரிக்கன் குவில்டர்ஸ் சொசைட்டியின் கண்காட்சி வழக்கமாக ஏப்ரல் பிற்பகுதியில் நடக்கும். அந்த வாரம் ஊரில் அறை கிடைப்பது அரிது, பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும். கண்காட்சிக் கூட்டத்தில் தையலை நின்று பார்க்க முடியாது. ஒன்றுதான் முடியும் என்றால், கூட்டமில்லாத வேறொரு வாரத்தில் மியூசியத்துக்குப் போவதே மேல். குவில்ட்டுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போது தையல் பள்ளங்களும் மேடுகளும் எழுந்து தெரியும். தொடக் கூடாது, ஃபிளாஷ் போடக் கூடாது.

நெப்ராஸ்காவின் லிங்கனில் இன்டர்நேஷனல் குவில்ட் மியூசியம் இருக்கிறது. 1997-ல் ஆர்டிஸ், ராபர்ட் ஜேம்ஸ் தம்பதி கொடுத்த சுமார் 950 குவில்ட்டுகளில் தொடங்கியது. ஏப்ரல் முதல் வாரத்துக்குள் போக முடிந்தால், அங்கிருந்து மேற்கே இரண்டு மணி நேரத்தில் கியர்னி பக்கம் பிளாட் ஆற்றில் கொக்குக் கூட்டங்கள் இறங்குவதையும் பார்க்கலாம்.

அலபாமாவின் கீஸ் பெண்ட், இன்றைய பெயர் பாய்கின். உழைத்துத் தேய்ந்த உடுப்புகளிலிருந்து கறுப்பினப் பெண்கள் தைத்த குவில்ட்டுகள் 2002-ல் நியூயார்க்கின் விட்னி மியூசியத்தில் காட்சிக்கு வந்தன, 2006-ல் பத்துத் தபால்தலைகளாயின. கோட்டுக்கு அடங்காத அந்த வெட்டுகளை, அவை பிறந்த இடத்தில் பார்ப்பதற்கு ஈடே இல்லை. ஊரை மூன்று பக்கமும் ஆறு சூழ்ந்திருக்கிறது. மறுகரையில் உள்ள கேம்டனிலிருந்து போகும் படகு, கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதியப் போன காலத்தில், 1962-ல் நிறுத்தப்பட்டு 2006-ல்தான் திரும்பியது. படகு ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள், இல்லையென்றால் சாலையில் நீண்ட சுற்று.

வண்டியை விட்டு இறங்காமலே பார்க்க வேண்டுமா? ஒஹையோவின் ஆடம்ஸ் கவுன்ட்டிக்குப் போங்கள். டோனா சூ குரோவ்ஸ் தன் தாயாரின் தையலுக்கு மரியாதையாகத் தொடங்கிய திட்டத்தில், 2001-ல் இங்கே முதல் 'பார்ன் குவில்ட்' ஏறியது. களஞ்சியச் சுவரில் பெயின்ட்டில் தீட்டிய ஒற்றைக் கட்டம், பெரும்பாலும் 8-க்கு 8 அடி. இவை தனியார் நிலத்தில் இருப்பவை, சாலையில் இருந்தே பாருங்கள்.

இன்டியானாவின் எல்க்ஹார்ட் கவுன்ட்டியில் பூச்செடிகளால் குவில்ட் வடிவம் போடும் தோட்டங்களும் உண்டு. ஆனால் அவை மே கடைசியில்தான் தொடங்கும், ஏப்ரலில் போனால் வெறும் மண்தான். நவீன வசதிகளைத் தவிர்த்து வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்களின் குவில்ட் கடைகளுக்குப் போவதானால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள், அன்று திறக்க மாட்டார்கள்.

கேள்வி: பழைய குவில்ட் ஒன்றைக் காரில் கொண்டு வர வேண்டும். எப்படி மடிப்பது?

பதில்: மடிக்காமல் சுருட்டுவது நல்லது. இடமில்லையென்றால் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி மூன்றாக மடித்து, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியைச் சுருட்டி வையுங்கள். மடிப்பு கூராக விழாது. பிளாஸ்டிக் பை வேண்டாம், தலையணை உறை போதும். சீட்டின் மேல் வெயில் படும்படி வைக்காதீர்கள். அதன் மேல் பெட்டி எதுவும் ஏற்றாதீர்கள்.