கம்மின்ஸ் எஞ்சினை வீட்டுக் கொட்டகையில் பிரிக்கலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது ஒரே லாரி. டாடா 2515, 2012 மாடல், கம்மின்ஸ் எஞ்சின், பழைய மெக்கானிக்கல் டீசல் பம்ப் வண்டி. 9 லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. சங்ககிரியிலிருந்து மும்பை போய்வந்தால் 6 லிட்டர் ஆயில் குறைகிறது. பட்டறையில் ஃபுல் எஞ்சின் வேலைக்கு 2 லட்சம் வரை ஆகும் என்கிறார்கள். என் மச்சான் மெக்கானிக். வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்து ரிங், பேரிங் மட்டும் போட்டால் 40,000 ரூபாயில் முடித்துவிடலாம் என்கிறார். நம்பிச் செய்யலாமா?

பதில்: வீட்டில் பிரிக்கலாம், வீட்டிலேயே கோக்கவும் செய்யலாம். நடுவில் அளவெடுப்பது, போர் போடுவது (பிஸ்டன் ஓடும் துளையைக் கடைவது), கிராங்க் தண்டைக் கிரைண்டிங் செய்வது என்று ஒரு வேலை இருக்கிறது பாருங்கள், அது மட்டும் லேத் பட்டறையில்தான் ஆகும். உங்கள் மச்சான் அந்த நடு வேலையையே விட்டுவிட்டுக் கணக்குச் சொல்லியிருக்கிறார், அதனால்தான் 40,000 வருகிறது.

அதற்கும் முன்னால் ஒன்று. ஆயில் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், புகை எப்படி என்று எழுதவில்லை. தொப்பூர் ஏற்றத்தில் லோடோடு இழுக்கும்போது பின்னால் நீலப் புகை வருகிறதா? வண்டி ஐடிலில் நிற்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்து, அதே வாயில் தலைகீழாக வைத்துப் பாருங்கள். மூடி துள்ளிக் கீழே விழுந்தால் பேக் கம்ப்ரஷன் இருக்கிறது, அதாவது எரிந்த காற்று ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது, எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். புகையும் இல்லை, மூடியும் சும்மா உட்கார்ந்திருக்கிறது, ஆனாலும் ஆயில் மட்டும் காணாமல் போகிறது என்றால் எஞ்சினில் கை வைக்காதீர்கள், ஏர் கம்ப்ரசரைப் பாருங்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் எத்தனை பேர் பணத்தைக் கொட்டினார்கள் என்று எனக்குத்தான் தெரியும். பிரேக்குக்குக் காற்று அடிக்கிற அந்தக் கம்ப்ரசருக்கும் எஞ்சின் ஆயில்தான் போகிறது. அதுவும் ஒரு குட்டி எஞ்சின் மாதிரிதான், அதற்கும் பிஸ்டன் உண்டு, ரிங் உண்டு. அந்த ரிங் தேய்ந்தால் ஆயில் காற்றோடு சேர்ந்து ஏர் டேங்குக்குப் போய்விடும். வெளியே சொட்டாது, புகையாகவும் தெரியாது. டேங்கின் அடியில் இருக்கிற டிரெய்னைத் திறந்துவிடுங்கள். தண்ணீரும் கொஞ்சம் பால் மாதிரி கலங்கலும் வந்தால் பரவாயில்லை. கறுப்பாக ஆயிலே வழிந்தால் கள்ளன் அங்கேதான் இருக்கிறான். பிரேக் வால்வுகளின் ரப்பரும் அந்த ஆயிலில் ஊறி உப்பியிருக்கும், அதையும் மாற்ற வேண்டிவரும். சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு பட்டறையில் முழு எஞ்சின் வேலையும் முடித்து, வண்டி எடுத்த முதல் டிரிப்பிலேயே பழையபடி ஆயில் குறைகிறது என்று திரும்பி வந்தார். எஞ்சின் வேலை நன்றாகத்தான் செய்திருந்தார்கள். கம்ப்ரசரை மட்டும் ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்ப்ரசர் கிட் எஞ்சின் செலவில் ஒரு துளி. டர்போவிலிருந்து வரும் காற்றுக் குழாயையும் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள், ஆயில் தேங்கி நின்றால் டர்போ சீலும் சந்தேகத்துக்குரியது.

சரி, மூடி துள்ளுகிறது, புகையும் நீலம்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ரிங் மட்டும் போடுவது வீண் செலவு. 9 லட்சம் ஓடின போர் வட்டமாக இருக்காது, ஓவலாகியிருக்கும், மேல் பக்கம் அகலமாகத் தேய்ந்து விளிம்பில் ஒரு படி விழுந்திருக்கும். புது ரிங் வட்டமானது, அது ஓவல் போரில் எப்படி ஒட்டும்? மேலே வந்து அந்தப் படியில் மோதினால் ரிங்கே உடையும். இரண்டு மூன்று மாதம் நன்றாக ஓடும், அதற்குள் மச்சானுக்குக் கூலி கொடுத்திருப்பீர்கள், அப்புறம் மறுபடியும் அதே 6 லிட்டர்.

மச்சானைக் குறை சொல்லவில்லை. அவர் லைனர் (பிளாக்கில் தனியாகச் செருகும் குழாய்) போட்ட எஞ்சின்களில் பழகியவராக இருக்கலாம். லைனரைத் தட்டி எடுத்துவிட்டுப் புது லைனர், பிஸ்டன், ரிங் செட்டாக இறக்குகிற மாடல்களில் பிளாக் வண்டியிலேயே இருக்க வேலை முடிவதுண்டு. உங்கள் 5.9 லிட்டர் கம்மின்ஸ் அப்படி இல்லை. அதில் லைனரே கிடையாது, பிளாக்கிலேயே நேராகக் கடைந்த போர். கம்பெனி அளவு 102 மில்லிமீட்டர். தேய்ந்தால் 102.5க்கு ரீபோர், அடுத்து 103. அதையும் தாண்டினால் போரை அகலக் கடைந்து, ஸ்லீவ் என்கிற குழாயை இறக்கி மறுபடி 102க்குக் கொண்டுவர வேண்டும். உங்களுக்கு முன்னால் ஓனர் யாராவது இருந்திருந்தால், அவர் ஏற்கெனவே ஒரு தடவை போர் போட்டிருக்கிறாரா என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாமல் மச்சான் கடைக்குப் போய் ஒரு பிஸ்டன் செட் வாங்கி வந்தால் அது அளவு சேராமல் கொட்டகையில் கிடக்கும், கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார்.

அதனால் வரிசை இதுதான்: முதலில் எஞ்சினை இறக்கிப் பிரியுங்கள், பிளாக்கும் கிராங்கும் ஹெட்டும் லேத்துக்குப் போகட்டும், கூடவே நீங்களும் போங்கள். ஆறு போரிலும் மேலே, நடுவில், கீழே, குறுக்கும் நெடுக்குமாக அளந்து, அந்த அளவை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். "எல்லாம் பார்த்தாச்சு அண்ணே, 50 போர் போட்டா போதும்" என்பார்கள், அதாவது அரை மில்லிமீட்டர் கூட்டிக் கடைவது. தாளில் எழுதித் தராத அளவை நம்பாதீர்கள். அதைப் பார்த்த பிறகுதான் பிஸ்டன் வாங்க வேண்டும், வாங்கின பிஸ்டனை லேத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்து, ஒவ்வொரு போரையும் அதற்கான பிஸ்டனை அளந்து கடையச் சொல்ல வேண்டும். போர் போட்ட பின் ஹோனிங் (கல்லால் உரசுவது) அவசியம், குறுக்கும் நெடுக்குமாகக் கோடு விழ வேண்டும். கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருந்தால் ஆயில் நிற்காது.

கிராங்க் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் குறைத்துக் கிரைண்ட் செய்தால் அந்த அளவு பேரிங்தான் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்று: கிராங்கில் பேரிங் உட்காரும் இடமான ஜர்னலின் இரண்டு ஓரத்திலும் ஒரு வளைவு இருக்கும். கிரைண்டிங் கல் சரியில்லாதவர் அந்த வளைவைச் சதுர மூலையாக வெட்டிவிடுவார். கிராங்க் அங்கேதான் உடையும், அதுவும் லோடு ஏறின பிறகு. விரல் நகத்தால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், நகம் சிக்கினால் வாங்காதீர்கள்.

இப்போது கமிஷன் கதை. லேத்துக்கும் ஸ்பேர் கடைக்கும் மெக்கானிக்கை மட்டும் அனுப்புவது எங்கள் தொழிலில் ரொம்ப நாளாக இருக்கிற நோய். கடைக்காரர் பில்லில் மெக்கானிக்குக்கு ஒரு பங்கு வைப்பார், அந்தப் பங்கு எங்கே பெரிதோ அங்கேதான் சாமான் வாங்கப்படும், டூப்ளிகேட்டில்தான் பங்கு பெரிது. மச்சான் என்பதால் கணக்குக் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும், நீங்களே போய்விட்டால் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பெட்டி ஒரிஜினல், உள்ளே சாமான் போலி என்பதும் சாதாரணமாக நடக்கிறது, ஏனென்றால் காலிப் பெட்டிக்கே விலை கொடுத்து வாங்கிப் போக ஆள் இருக்கிறது. பிரித்த பெட்டியை அங்கேயே கிழித்துப் போடுங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் பிஸ்டன் உடைந்தால் எதைக் காட்டிக் கேட்பீர்கள்? இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி ஸ்பேருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். இன்னும் 28 என்று வாயால் கணக்குப் போட்டால் பில்லைக் கேளுங்கள்.

யாராவது ஒரு புரோக்கர் வந்து, "எதுக்குண்ணே இவ்வளவு கஷ்டம், ஆக்சிடென்ட் வண்டி எஞ்சின் ஒண்ணு இருக்கு, ரெண்டே நாளில் மாத்திடலாம்" என்பார். ஆர்.சி.யில் எஞ்சின் நம்பர் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் நம்பரை மாற்றியாக வேண்டும். அதற்கு அந்தப் பழைய எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் வேண்டும், புரோக்கரிடம் அது இருக்காது. "நம்பரை அப்படியே அடிச்சுத் தர்றேன்" என்று அடுத்து சொல்வார். அது நேரே குற்ற வழக்கு. எஃப்.சி.யில் (தகுதிச் சான்று சோதனையில்) மாட்டினாலும் மாட்டாவிட்டாலும், ஒரு விபத்து ஆனால் இன்சூரன்ஸ்காரன் முதலில் பார்ப்பது அந்த நம்பரைத்தான். உங்கள் பிளாக்கையே ரீபோர் செய்தால் நம்பர் மாறாது, யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

காகிதம் என்று வந்ததால் இதையும் கணக்கில் வையுங்கள். நேஷனல் பெர்மிட் உங்கள் மாதிரி மல்ட்டி ஆக்சில் வண்டிக்கு 15 வருடம்தான், அதாவது 2027 வரை. எஞ்சின் புதுசு மாதிரி இருந்தாலும் அதைப் பார்ப்பதற்கு எந்த விதியிலும் இடமில்லை, தேதியைத்தான் பார்ப்பார்கள். 15 தாண்டினால் எஃப்.சி. கட்டணமும் பல மடங்கு. வண்டி பட்டறையில் நிற்கிற நாளுக்கும் வரி, இன்சூரன்ஸ், பெர்மிட்டுக்கு வருடம் 16,500 ரூபாய் எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒற்றை வண்டிக்காரன் எஞ்சின் வேலைக்குக் கடன் கேட்டு பேங்க் படியேறினால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே 2027க்குப் பிறகு உள்ளூர் லோடுக்கு ஓட்டப் போகிறீர்களா, விற்கப் போகிறீர்களா என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஓட்டுவதென்றால் முழு வேலை செய்யுங்கள். விற்பதென்றால் நான் செய்யமாட்டேன், செலவழித்த பணத்தை வாங்குபவர் தரமாட்டார்.

கொட்டகை வேலைக்கு வருவோம். எஞ்சின் அரை டன் கிட்ட வரும். கொட்டகை விட்டத்தில், வேப்பமரக் கிளையில் செயின் பிளாக்கை மாட்டாதீர்கள், இரும்பு முக்காலி வாடகைக்கு எடுங்கள். தரையில் தார்ப்பாய் விரித்து, பேரிங் கேப், ராட், புஷ் ராட் எல்லாவற்றிலும் கழற்றும்போதே நம்பர் போடுங்கள். லேத்திலிருந்து வந்த பிளாக்கை அப்படியே கோக்கக் கூடாது. ஆயில் ஓட்டை ஒவ்வொன்றையும் பிரஷ் விட்டு டீசலில் கழுவி, காற்று அடித்து, அப்புறம் போரைச் சோப்புத் தண்ணீரில் தேயுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தாலும் துணி கறுக்காது என்கிற நிலை வரும் வரை தேயுங்கள், துடைத்த உடனே ஆயில் பூசிவிடுங்கள். ஆயில் கூலரை மறந்துவிடுவார்கள். பழைய பேரிங் தூள் அதற்குள் உட்கார்ந்திருந்து புது பேரிங்கைத் தின்னும்.

இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லாமல் ஒரு போல்ட்டும் இறுக்கக் கூடாது. "கை பழக்கம்" என்று மச்சான் சொன்னால் கேட்காதீர்கள். ராட் போல்ட் 100 நியூட்டன் மீட்டர், மெயின் 176, இரண்டையும் ஒரே மூச்சில் இல்லாமல் படிப்படியாக ஏற்றுங்கள். ஹெட் போல்ட் டார்க் முடிந்த பிறகு இன்னும் 90 டிகிரி திருப்ப வேண்டும். டேப்பட் (வால்வு இடைவெளி) குளிர்ந்த எஞ்சினில் இன்லெட் 0.25, எக்ஸாஸ்ட் 0.50 மில்லிமீட்டர். டீசல் பம்ப்பையும், டீசலைப் பீய்ச்சுகிற நாசலையும் பம்ப் கடையில் கொடுத்து டெஸ்ட் செய்துவிடுங்கள், சொட்டுகிற நாசல் புதுப் பிஸ்டனையே ஓட்டை போடும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவில் ஆயில் ஊற்றி, டீசலை நிறுத்தி வைத்து, ஆயில் பிரஷர் ஏறும் வரை செல்ஃப் அடியுங்கள். அப்புறம் ஊரே சொல்லும், "நாலு மணி நேரம் ஐடிலில் ஓட விடு, ரிங் செட் ஆகட்டும்" என்று. வேண்டாம். டீசல் எஞ்சினில் ரிங் உட்காருவது லோடு இழுக்கும்போதுதான், சும்மா ஐடிலில் ஓடினால் போர் பளபளத்துவிடும், பிறகு வாழ்நாள் முழுக்க ஆயில் குடிக்கும். லீக் பார்த்துவிட்டு, பாதி லோடு ஏற்றி, கியர் மாற்றி மாற்றி ஈரோடு வரை போய்வாருங்கள். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள், கூலன்ட் ஊற்றுங்கள்.

முதல் ஆயிலை 1,000 கிலோமீட்டரில் மாற்றிவிட்டு, கழற்றின ஃபில்டரை ஹாக்ஸா பிளேடால் அறுத்து உள்ளே இருக்கிற காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள். பொடிப் பொடியாகக் கொஞ்சம் மினுங்கினால் அது புது ரிங்கும் போரும் உரசினது. செம்பு நிறத்தில் துகள் தெரிந்தால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது, லோடு ஏற்றாமல், எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை இறக்குங்கள், மச்சானையும் கூப்பிடுங்கள்.